பொங்கியவர்களும் பூமி ஆண்டார்கள்

ஓர் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் போதும், இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். ஒன்று, பயிற்சியாளரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு என்று கத்தும். இன்னொன்று கொஞ்சம் நிதானமான குரலில், "கொஞ்சம் பொறுங்கப்பா, ஃபெர்குசனுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல" என்று ஆரம்பிக்கும். முதல் கூட்டத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கோபத்துக்கு உரை எழுத வேண்டியதில்லை. இரண்டாவது கூட்டம் சொல்லும் கதைதான் எனக்குப் பிரச்சினை. அது அழகான கதை. அதில் வரும் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் உண்மை. ஆனாலும் கதையாக அது ஏமாற்றுகிறது. எங்கே ஏமாற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை இப்படிப் போகும். 1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வருகிறார். அந்த ஊரில் பதவிக்கு மேனேஜர் என்று பெயர், வேலை தலைமைப் பயிற்சியாளர் வேலைதான். 22 அணிகள் உள்ள டிவிஷனில் யுனைடெட் அப்போது 21ஆவது. முதல் ஆட்டமே ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 தோல்வி. மூன்று வருடம் ஓடுகிறது. கோப்பை என்று ஒன்றும் இல்லை. 1989 செப்டம்பரில் உள்ளூர்ப் பங்காளி மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை. டிசம்பரில் ஓல்ட் ட்ராஃபோர்டில் ஒரு ரசிகர், மூன்று வருஷமா சாக்குப்போக்குதான், கிளம்பு ஃபெர்கி என்ற அர்த்தத்தில் பேனர் பிடிக்கிறார். லீக்கில் வெற்றி என்பதே மறந்துபோயிருந்த குளிர்காலம் அது.

பிறகு 1990 ஜனவரி 7. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று. தோற்றால் ஃபெர்குசன் கதை முடிந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 20 வயதுப் பையன் மார்க் ராபின்ஸ் தலையால் முட்டி ஒரு கோல் போடுகிறான். 1-0. வேலை தப்புகிறது. அந்தச் சீசனிலேயே அந்தக் கோப்பை. 1991இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பை. 1993இல், 26 வருடத்துக்குப் பிறகு, லீக் பட்டம். 2013இல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள், மொத்தம் 38 கோப்பைகள்.

பொறுத்தார் பூமி ஆள்வார். சுபம்.

நம்ம சினிமாவில் இடைவேளைக்குச் சற்று முன்னால், அடி வாங்கிக்கொண்டே இருந்த நாயகன் முதல்முறையாகத் திருப்பி அடிக்கும் இடம் ஒன்று வரும். தியேட்டரே எழுந்து நிற்கும். ராபின்ஸின் கோல் இந்தக் கதையில் செய்யும் வேலை அதுதான். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தக் கதையும் அடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாம் இருட்டு, பின்னால் எல்லாம் வெளிச்சம். அப்படி அடுக்குவதற்காகச் சில விஷயங்களை ஓசைப்படாமல் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில், 1987-88 சீசன். அந்த வருடம் யுனைடெட் லீக்கில் இரண்டாவது இடம். ஆம், "தோற்றுக்கொண்டே இருந்த" மூன்று வருடத்தின் நடுவில் லிவர்பூலுக்கு மட்டும் பின்னால் நின்றார்கள். முந்தைய வருடம் 11, அடுத்த வருடம் 11, அதற்கடுத்து 13. ஏறி இறங்கிய கோடு இது. ஆனால் இடையில் ஒரு மேடு இருந்தால் இருட்டு போதாது என்பதால் கதைசொல்லிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிர்வாகம் காத்திருந்ததற்கு அந்த இரண்டாமிடம் எவ்வளவு பெரிய காரணமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, அந்தக் கோல். அன்று தோற்றிருந்தாலும் ஃபெர்குசனை நீக்கியிருக்க மாட்டோம் என்று தலைவராக இருந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ் பிற்பாடு சொன்னார். இயக்குநர் குழுவில் இருந்த பாபி சார்ல்டனும் அப்படியேதான் சொன்னார். அதை நம்பினால் ராபின்ஸ் யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு நல்ல கோல் போட்டார், அவ்வளவுதான். நம்பாவிட்டால், 38 கோப்பையின் வரலாறு ஒரு பையனின் தலையில் பந்து சரியான கோணத்தில் பட்டதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று ஆகிறது. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் "பொறுமை வென்றது" என்ற வாக்கியம் நிற்கவில்லை. ஒன்றில் சோதனையே நடக்கவில்லை. மற்றதில் வென்றது அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கோலுக்குப் பிறகு யுனைடெட் மாறிவிடவில்லை. அடுத்த ஒரு மாதத்துக்கு லீக்கில் வெற்றி கிடையாது. சீசன் முடிவில் 13ஆவது இடம், ஃபெர்குசன் காலத்திலேயே மோசமான இடம். கோப்பையைக்கூட இறுதி ஆட்டம் 3-3 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் 1-0 என்று தொங்கித்தான் பிடித்தார்கள். திருப்புமுனை என்பது திரும்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற வளைவு. காரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரோடு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது, குண்டும் குழியுமாக.

*

அப்படியானால் நிர்வாகம் ஏன் காத்திருந்தது?

யுனைடெட்டுக்கு அதற்கு முன் ஒரு பெரியவர் இருந்தார், மேட் பஸ்பி. 1945 முதல் 1969 வரை, அதன் பிறகு கொஞ்ச நாள் மறுபடியும். அவருக்குப் பிறகு ஃபெர்குசன் வரும்வரையிலான 17 வருடத்தில் ஐந்து பேரை மாற்றிப் பார்த்தார்கள். நடுவில் 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கினார்கள். அந்த ஐவரில் டேவ் செக்ஸ்டன் கதை கொஞ்சம் வேடிக்கையானது: 1981இல் கடைசி ஏழு லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்துவிட்டு வேலையை இழந்தார். ஆட்டம் சலிப்பாக இருக்கிறதாம். மாற்றிப் பார்ப்பது என்ற வைத்தியத்தை அந்தக் கிளப் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருந்தது. 1989இல் அவர்களிடம் இருந்ததில் பாதி பொறுமை என்றால் மீதி களைப்பு.

ஆனால் களைப்பு மட்டும் இல்லை. ஃபெர்குசன் வெறுங்கையோடு வந்தவர் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்களைத் தாண்டி யாரும் மூச்சு விடமுடியாத காலத்தில், அபர்டீன் என்ற சின்ன ஊர் கிளப்புக்கு மூன்று லீக் பட்டம் வாங்கித் தந்தவர். 1983இல் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தியவர். இது மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு மாதிரி. யார் பெயரில் என்ன எழுதலாம் என்பது அந்த மாதச் சம்பளத்தைப் பார்த்து முடிவாவதில்லை, பழைய பக்கங்களைப் புரட்டித்தான் முடிவாகும்.

நோட்டைத் தவிர இன்னொன்றும் இருந்தது. அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். புள்ளிப் பட்டியலில் வராத ஒரு வேலை கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பையன்களை எல்லாம் மான்செஸ்டர் சிட்டி அள்ளிக்கொண்டு போகிறது என்று பார்த்த ஃபெர்குசன், பையன்களைத் தேடும் ஆட்களை நாலாபக்கமும் அனுப்பினார். சிட்டியின் பயிற்சியில் இருந்த ஒரு பையனின் 14ஆவது பிறந்தநாளன்று, 1987 நவம்பரில், நேராக அவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். அவன்தான் ரயன் கிக்ஸ். பெக்கம், பட், கேரி நெவில், கிக்ஸ் எல்லாம் இருந்த இளைஞர் அணி 1992இல் கோப்பை வாங்கியது. 1989 டிசம்பரில் பேனர் பிடித்த ரசிகருக்கு இவர்கள் யாரும் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தை விட்டுவிட்டு வாரநாள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம், குடிப்பழக்கத்தில் ஊறிக்கிடந்த அணியைக் கலைக்க ஆரம்பித்திருந்தார். 1989இல் பால் மெக்ராத்தையும் நார்மன் வைட்சைடையும் விற்றார். இருவரும் ரசிகர்களின் செல்லங்கள். விற்ற உடனே அணி பலவீனமாகத்தான் தெரிந்தது. (மெக்ராத் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய் 1993இல் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஆகவே ஃபெர்குசன் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. இந்தத் தகவலையும் கதையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.)

நிர்வாகம் வெறுமனே காத்திருக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அவர்கள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வருமா வராதா என்று தெரியாமல் நிழற்குடையில் நிற்பது ஒன்று. அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. இரண்டுக்கும் "பொறுமை" என்று ஒரே சொல்லைத் தமிழில் மட்டுமில்லை, எங்குமே வைத்திருக்கிறார்கள்.

*

கதை வெறும் கதையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அதை நம்பி முடிவெடுத்தார்கள், பலன் கசந்தது. முதலில் கசந்தது அதே வீட்டில்.

2013இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசனே தன் வாரிசாக டேவிட் மோய்ஸைக் கைகாட்டினார். புது மேனேஜருக்குத் துணையாக நில்லுங்கள் என்று மைதானத்தில் மைக் பிடித்து ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். கிளப் ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஆறு வருடம் என்ற எண்ணிலேயே 1986இன் நிழல் விழுந்து கிடந்தது: இந்த ஆளுக்கும் நேரம் கொடுப்போம், இவரும் அவர் ஆவார். பத்தே மாதம். 2014 ஏப்ரலில் ஏழாவது இடத்தில் இருக்கும்போது வெளியே. ஆறு வருடப் பொறுமையை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அதைவிட எனக்கு வலித்தது எரிக் டென் ஹாக் விவகாரம். 2023-24 சீசனில் யுனைடெட் எட்டாவது இடம், பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை அவர்கள் காணாத கீழிடம். அடித்த கோல் 57, வாங்கியது 58. சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் கடைசி. நீக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்துவிட்டார்கள். நிர்வாகம் உட்கார்ந்து யோசித்தது. ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. கோடையில் அவர் அயாக்ஸில் பயிற்றுவித்த டி லிக்ட், மஸ்ராவி உட்படப் பலரை வாங்கிக்கொடுத்தது. அக்டோபர் 28ஆம் தேதி, அணி 14ஆவது இடத்தில் இருக்க, வேலையை விட்டு அனுப்பியது.

1990இல் நடந்ததை 2024இல் மறுபடி நடித்துப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே எஃப்.ஏ. கோப்பை, அதே கடைசி நிமிடத் தப்பித்தல், அதே "இனி எல்லாம் சரியாகும்". வசனம் எல்லாம் சரியாக வந்தது. உலையில்தான் அரிசி இல்லை. சீசன் முழுக்க எதிரணிகள் யுனைடெட்டின் நடுக்களத்தைச் சந்தை மாதிரிக் கடந்துபோனதை, டிவியில் பார்த்த யாரும் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் ஆட்டம் அதை மறைத்தது. பொறுமை என்று பெயர் வைத்தது உண்மையில் தயக்கம். அதற்கான விலை ஒரு முழுக் கோடையின் பணமும், அடுத்து வந்தவரின் சீசனும். 2024-25இல் யுனைடெட் 15ஆவது.

*

இப்போது பொறுமைக் கட்சியின் மிக வலுவான சாட்சியைக் கூப்பிட வேண்டும். மிக்கேல் ஆர்டேட்டா.

2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்தார். தலைமைப் பயிற்சியாளராக அதற்கு முன் அனுபவமே இல்லை, பெப் குவார்டியோலாவின் உதவியாளர். எட்டு மாதத்தில் எஃப்.ஏ. கோப்பை, ஆனால் லீக்கில் எட்டாமிடம். 2020 டிசம்பரில் அணி 15ஆவது இடத்தில் கிடந்தது. அந்தச் சீசனும் எட்டில்தான் முடிந்தது. 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி: பிரெண்ட்ஃபோர்ட் 2-0, செல்சி 2-0, சிட்டி 5-0. ஒரு கோல்கூட அடிக்காமல் பட்டியலின் அடியில். அவர் வாயில் வந்த "ட்ரஸ்ட் த ப்ராசஸ்" அதற்குள் மீம் ஆகியிருந்தது. காத்திருந்தார்கள். அந்தச் சீசன் ஐந்தாமிடம். அடுத்த மூன்று சீசனும் இரண்டாமிடம்.

இதைப் பொறுமையின் வெற்றி என்று சொல்லலாமா? சொல்லலாம்தான். ஆனால் அந்த ஆகஸ்டில் ஆர்சனல் நிர்வாகத்தின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேருமே 23 வயதோ அதற்குக் கீழோ. ஓடெகார்ட், பென் வைட் எல்லாம் அந்தப் பட்டியல்தான். சாக்கா, ஸ்மித் ரோ போன்ற சொந்தப் பையன்கள் 2020 டிசம்பரிலேயே அணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓசில் போன்ற பெரிய சம்பளக்காரரை ஒதுக்கியாயிற்று. அடுத்த டிசம்பரில் கேப்டன் ஔபமெயாங்கின் பட்டையையும் பறித்தார். அதாவது அவர்கள் வாங்கியது ஒரு வருடத்துக்கான அணி இல்லை. மூன்று ஆட்டத்தை வைத்து அதை அளப்பது, நாற்று நட்ட மறுநாள் அரிவாளோடு வயலுக்குப் போவது மாதிரி. ஃபெர்குசனின் 14 வயதுப் பையனுக்கும் இந்த ஆறு பேருக்கும் சொந்தம் உண்டு. டென் ஹாகிடம் அப்படி எதையும் காட்ட முடியவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கும் ஒரு வேண்டாத சாட்சி உண்டு, உனாய் எமரி. ஆர்டேட்டாவுக்கு இடம் கொடுப்பதற்காக ஆர்சனல் அவரைத்தான் 2019 நவம்பரில், ஒன்றரை வருடத்தில், வெளியே அனுப்பியது. அவர் ஸ்பெயினுக்குப் போய் வில்லாரியல் அணியோடு 2021இல் யூரோப்பா லீக் வென்றார். அரையிறுதியில் அவர் தட்டிவிட்டுப் போனது யாரை? ஆர்டேட்டாவின் ஆர்சனலை. பிறகு ஆஸ்டன் வில்லாவைக் கீழிருந்து தூக்கி நான்காமிடத்துக்குக் கொண்டுபோனார். அப்படியானால் ஆர்சனலின் பொறுமையைக் கொண்டாடும் யாரும், அதற்கு முந்தைய அவசரத்தையும் சேர்த்துத்தான் கொண்டாட வேண்டும். எமரியைப் பொறுத்திருந்தால் ஆர்டேட்டா வந்தே இருக்க மாட்டார்.

போகிற போக்கில் ஒன்று. "ட்ரஸ்ட் த ப்ராசஸ்" என்ற கோஷம் புகழ் பெற்றது ஃபிலடெல்ஃபியாவின் கூடைப்பந்து அணியால். பிரெட் பிரவுன் என்ற பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, 2015-16இல் 82 ஆட்டத்தில் 72 தோற்றும் நம்புங்கள் என்றார்கள். ஏழு சீசன் வைத்திருந்தார்கள். பிளே-ஆஃபில் இரண்டாம் சுற்றை ஒருமுறைகூடத் தாண்டாமல் 2020இல் அனுப்பினார்கள்.

*

"சரி, மாற்றிப் பார்த்தவர்கள் எப்படி?" என்று கேட்பீர்கள். பழமொழியின் மறுபாதி, பொங்கினார் காடு ஆள்வார் என்கிறது. ரோமன் அப்ரமோவிச் பொங்கினார். 2003 முதல் 2022 வரை செல்சியை வைத்திருந்தவர், மேனேஜர்களைத் துண்டு மாற்றுவது மாதிரி மாற்றினார். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கித் தற்காலிகமாக டி மட்டேயோவை உட்காரவைத்தார்; மே மாதம் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக். 2021 ஜனவரியில் கிளப் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்த ஃப்ராங்க் லாம்பார்டை நீக்கி டூக்கல். மே மாதம் மறுபடி சாம்பியன்ஸ் லீக். நடுவில் ஐந்து லீக் பட்டம். காடு இப்படி இருந்தால் யாருக்கு வேண்டாம்?

அப்ரமோவிச்சின் பணத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பணத்தைக் கழித்துவிட்டும் பார்த்திருக்கிறார்கள். பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர், 1986 முதல் 2004 வரை நெதர்லாந்தின் மேல் டிவிஷனில் நடந்த மாற்றங்களை எடுத்துக்கொண்டார். சரிவில் பயிற்சியாளரை நீக்கிய அணிகளை ஒரு பக்கமும், அதே மாதிரிச் சரிந்தும் நீக்காத அணிகளை இன்னொரு பக்கமும் வைத்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டிருந்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று நம் வீடுகளில் சொல்வதுதான். பயிற்சியாளரை யாரும் சுமாரான வாரத்தில் நீக்குவதில்லை. குழியின் அடியில் இருக்கும்போதுதான் நீக்குகிறார்கள். காயம், கம்பத்தில் பட்ட பந்துகள், கடினமான எதிரணிகள் வரிசையாக வந்த மாதம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த நேரம் அது. அதிலிருந்து கொஞ்சம் மேலே வருவது யார் வந்தாலும் நடக்கும். புது ஆள் வந்தால் அந்தப் பெயர் அவருக்குப் போகிறது. பழைய ஆள் இருந்தால் நிர்வாகத்தின் பொறுமைக்குப் போகிறது. இரு கட்சியும் தங்கள் ஜலதோஷம் குணமானதற்குத் தங்கள் மருந்தையே காட்டுகின்றன.

அதனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிடாது. சராசரியில் இரண்டும் ஒன்றுதான் என்றால், சராசரிக்கு வெளியே நிற்கும் ஒரு குறிப்பிட்ட ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் நிர்வாகத்தின் வேலையே. பட்டியல் அதைச் சொல்லாது. "நேரம் கொடுப்போம்" என்பதும் சொல்லாது.

*

அண்ணாச்சி கடை நோட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதில் யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் எழுதப்படுவதில்லை என்ற விஷயம் பாக்கி.

நமக்குப் பக்கத்து உதாரணம் ஸ்டீஃபன் ஃப்ளெமிங். 2009 முதல் சென்னை சூப்பர் கிங்ஸின் பயிற்சியாளர். 2020இல் எட்டு அணிகளில் ஏழாவது, இருக்கட்டும் என்றார்கள், 2021இல் கோப்பை. 2022இல் பத்தில் ஒன்பதாவது, இருக்கட்டும், 2023இல் கோப்பை. 2025இல் பத்தாவது, கடைசி. அவர் பக்கத்தில் 2010, 2011, 2018 என்று ஏற்கெனவே வரவு இருந்தது. வரவு உள்ளவருக்குக் கடன் கிடைப்பதில் அதிசயமில்லை.

வரவு இல்லாதவருக்கு? அமெரிக்கக் கால்பந்தைப் பாருங்கள். அங்கே தலைமைப் பயிற்சியாளர் வேலை மொத்தமே 32. ஆட்டக்காரர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், பயிற்சியாளர்களில் மிகச் சிலர். 2018இல் அரிசோனா கார்டினல்ஸ், ஸ்டீவ் வில்க்ஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளரை நியமித்தது. கையில் கொடுத்தது அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்த ஒரு குவார்ட்டர்பேக். 3 வெற்றி, 13 தோல்வி. ஒரே சீசனில் வீட்டுக்கு. அடுத்து வந்தவர் கிளிஃப் கிங்ஸ்பரி, வெள்ளையர். தான் விளையாடிய கல்லூரி அணியிலேயே 35 வெற்றி, 40 தோல்வி என்று முடித்து, சில வாரங்களுக்கு முன்தான் நீக்கப்பட்டிருந்தவர். அவரது முதல் சீசன் 5 வெற்றி, 10 தோல்வி, ஒரு டிரா. அவருக்கு நான்கு வருடம் கிடைத்தது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2021இல் டேவிட் கல்லியை ஒரு சீசனில் அனுப்பியது. 2022இல் லவ்வி ஸ்மித்தையும் ஒரே சீசனில். இருவரும் கறுப்பினத்தவர். வில்க்ஸ் 2022இல், பிரையன் ஃப்ளோரஸ் தொடுத்திருந்த இனப் பாகுபாட்டு வழக்கில் தானும் சேர்ந்துகொண்டார்.

அதே காலத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ், ஸாக் டெய்லர் என்ற வெள்ளையரை வைத்திருந்தது. முதல் சீசன் 2-14, அடுத்தது 4-11-1. பொறுத்தார்கள். மூன்றாவது சீசனில் சூப்பர் பௌல் இறுதி வரை போனார். பொறுமைக்கு அமெரிக்காவில் இன்று சொல்லப்படும் உதாரணம் இவர். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அதே கிளப் அவருக்கு முன் மார்வின் லூயிஸ் என்ற கறுப்பினத்தவரை, பிளே-ஆஃபில் ஒரு வெற்றிகூட இல்லாமல், 16 சீசன் வைத்திருந்தது. அது அந்த முதலாளி வீட்டின் சுபாவம். ஹூஸ்டன் அவசரப்பட்டு இருவரை அனுப்பியபின் வந்த டெமிக்கோ ரயன்ஸும் கறுப்பினத்தவர்தான். முதல் சீசனிலேயே தன் பிரிவில் முதலிடம். ஒரே கோடாக இழுக்க முடியாத படம் இது. ஆனாலும் 3-13க்குப் பிறகு இரண்டாவது வருடம் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்காமல், பொறுமை பலன் தருமா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. வில்க்ஸின் இரண்டாவது சீசன் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மோசமாகக்கூட இருந்திருக்கலாம். டெய்லருடையதும் மோசமாகத்தான் இருந்தது. மூன்றாவது கிடைத்தது.

*

பொறுமையைப் பற்றிப் பேசும்போது பயிற்சியாளரையும் முதலாளியையும் மட்டுமே பேசுகிறோம். நடுவில் சிலர் விலை கொடுக்கிறார்கள். 1990 மே 12, வெம்ப்ளியில் அந்த இறுதி ஆட்டம். கிரிஸ்டல் பேலஸ் மூன்று கோல் போட்டுவிட்டது. பழி கோல்கீப்பர் ஜிம் லெய்டன் மேல் விழுந்தது. அபர்டீனில் ஃபெர்குசனோடு எல்லாக் கோப்பையையும் வென்றவர், 1983இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகக் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர், 1988இல் ஃபெர்குசனே கேட்டு வாங்கி மான்செஸ்டருக்குக் கூட்டிவந்தவர். அந்தக் குளிர்காலத்தின் தோல்விகளை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றதும் அவர்தான். ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். மூன்றரை வருடம் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஃபெர்குசன், லெய்டனை உட்காரவைத்துவிட்டு, லூட்டனிலிருந்து இரவலாக வந்திருந்த லெஸ் சீலியை இறக்கினார். 1-0. சீலி நன்றாக ஆடினார், முடிவு சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொள்வேன்.

லெய்டன் அதற்குப் பிறகு யுனைடெட்டுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். டண்டீக்குப் போனார், எடின்பரோவின் ஹிபர்னியனுக்குப் போனார், சுற்றிவிட்டு அபர்டீனுக்கே வந்தார். 1998 ஜூன் 10, பாரிஸ், உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கம்பங்களுக்கு நடுவில், 39 வயதில், லெய்டன் நின்றுகொண்டிருந்தார். எதிரே ரொனால்டோ.